காணா உலகும் கண்ட தீவும்
கணினி விளையாட்டுக்களின் வேற்றுலகக் கற்பனை பற்றிய ஒரு நோக்கு

வேற்றுலகைக் கற்பித்தல் மனிதன் தன் உலகைப் பற்றிச் சிந்திக்கும் வழிகளுள் ஒன்று. புராணங்கள் பேசும் பதினான்கு உலகங்களும், கடலோடிகளின் கதைகளில் வரும் தீவுகளும், அறிவியற் புனைகதைகளின் கோள்களும் அவ்வாறு தோன்றியவையே. இவ்வரிசையில் இறுதியாக வந்து சேர்ந்திருப்பது கணினி விளையாட்டு. முன்னையவற்றிற் கேட்போரும் படிப்போரும் பிறர் கற்பித்த உலகைக் கண்டனர். கணினி விளையாட்டிலோ ஆடுவோர் தாமே உயிரினத்தை வனைகின்றனர். தாமே கோளுக்குப் பெயரிடுகின்றனர். கற்பிக்கும் உரிமை கவிஞனின் கையிலிருந்து ஆடுவோரின் கைக்கு மாறிவிட்டது போன்ற தோற்றம் இதனால் எழுகின்றது. இத்தோற்றம் எவ்வளவு உண்மையானது? இவ்வாறு கற்பிக்கப்படும் உலகங்களின் தரத்தை எதைக்கொண்டு அளப்பது?

இவ்வினாக்களுக்கு விடைகாண யாழ்ப்பாணத் தீவகம் தக்க உரைகல்லாக அமையும். நயினாதீவு, நெடுந்தீவு, ஊர்காவற்றுறை முதலான இடங்கள் அங்கு வாழ்வோருக்குச் சொந்த ஊர்கள். ஆயினும் வெளியிலிருந்து வந்தோர் அவற்றை நீண்ட காலமாகவே வேற்றுலகாகக் கண்டு, பெயரிட்டு, கதையாக்கி வந்துள்ளனர். தமிழ்க் காப்பியப் புலவரும் ஒல்லாந்த அதிகாரிகளும் இச்செயலைத் தத்தம் வழியிற் செய்தவர்களே. எனவே ஓர் அந்நிய உலகு கற்பிக்கப்படும்போது எது பெறப்படுகின்றது, எது இழக்கப்படுகின்றது என்பதற்கான சான்றுகள் இங்கேயே கிடைக்கின்றன.

முதலில் விளையாட்டுக்களை நோக்கலாம். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்போர்’ என்ற விளையாட்டு உயிரினங்களை வனைதலை மையமாகக் கொண்டது. வில் ரைட் என்பவரின் கருத்தில் உருவாகி மக்சிஸ் நிறுவனத்தால் ஆக்கப்பட்ட இவ்விளையாட்டு ஐந்து படிநிலைகளைக் கொண்டது. நீரில் மிதக்கும் ஒரு நுண்ணுயிராகத் தொடங்கி, விலங்காகி, குழுவாகி, நாகரிகமாகி, இறுதியில் விண்வெளியை அடைவது அதன் போக்கு. ஆடுவோர் முதுகெலும்பை நீட்டலாம், வளைக்கலாம். கால் மூன்றோ ஏழோ பொருத்தலாம். கண்ணை வயிற்றிலும் வாயை முதுகிலும் வைக்கலாம். எவ்வாறு வனைந்தாலும், அவ்வுடலமைப்புக்கேற்ற நடையைக் கணினி கணித்து அதனை நடக்கவைக்கின்றது. மூன்று காலால் நொண்டும் ஓர் உருவம் தன் முதலடியை எடுத்துவைக்கும் கணத்தில் ஆடுவோர் அடையும் மகிழ்ச்சி பொய்யன்று. குயவர் கைமண் குடமாகும்போது எழும் மகிழ்ச்சிக்கு அது உறவானது.

ஆயினும் இவ்வாக்கத்தின் தத்துவம் ஆராயத்தக்கது. விளையாட்டு தன்னைப் பரிணாமக் கதையாகவே முன்வைக்கின்றது. ஆனால் அதில் உயிரினம் சூழலால் மாற்றப்படுவதில்லை. ஆடுவோர் ஈட்டிய புள்ளிகளைச் செலவிட்டு உறுப்புக்களை வாங்குகின்றனர். நேற்றைய உடலை முற்றாகக் கலைத்து, கையிருப்புப் புள்ளிகளுக்கு இணங்க நாளை வேறொன்றை அமைக்கவும் இயலும். சந்தையிற் பொருள் தெரியும் நுகர்வோனின் செயல் இங்கு இயற்கையின் செயலாக வேடமிட்டு நிற்கின்றது எனலாம். பிற உயிரினங்களோடு கொள்ளும் உறவும் பெரும்பாலும் இருவகைப்பட்டது: ஆடியும் பாடியும் நட்பாக்குதல், அன்றேல் தாக்கி அழித்தல். பேசி வேறுபடுதல் என்ற மூன்றாவது வழிக்கு அங்கு இடம் மிகக் குறைவு.

2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்த ‘நோ மேன்ஸ் ஸ்கை’ இதனினும் பரந்த நோக்குடையது. இங்கிலாந்தின் கில்ட்போர்ட் நகரில் உள்ள ஹலோ கேம்ஸ் என்னும் சிறு நிறுவனத்தில், ஷோன் மரே தலைமையில் இது உருவாயிற்று. இதிற் காணப்படக்கூடிய கோள்களின் தொகை 2இன் 64ஆம் அடுக்கு, அதாவது 18,446,744,073,709,551,616. இக்கோள்களை எவரும் ஒவ்வொன்றாக வரைந்து வைக்கவில்லை. ஒரு விதையெண்ணைச் சூத்திரங்களினூடே செலுத்தி மலையையும் கடலையும் மரத்தையும் விலங்கையும் ஆடுவோர் அணுகும்போது கணினி பிறப்பிக்கின்றது. விதை ஒன்றாதலின் எவர் சென்றாலும் அதே கோள் அதே உருவில் எழும். இம்முறை புதியதன்று. 1984இல் வெளிவந்த ‘எலீட்’ என்ற விளையாட்டு மிகச் சிறிய நினைவகத்துள் எட்டு விண்மீன் மண்டலங்களை, மண்டலத்துக்கு 256 கோள்கள் வீதம், இவ்வுத்தியினாலேயே அடக்கியது. புதியது அளவின் பெருக்கமே. வெளிவந்த வேளையிற் கடுங் கண்டனத்துக்குள்ளான ‘நோ மேன்ஸ் ஸ்கை’ பின்னர் பல ஆண்டுகளாகக் கட்டணமின்றி விரிவாக்கப்பட்டது. 2021இல் விலங்குகளைத் துணையாக வளர்க்கவும், அவற்றின் முட்டைகளின் மரபியல்பை மாற்றிப் புதிய உருக்களைப் பெறவும் வழிசெய்யப்பட்டது.

இவ்விளையாட்டின் பெயரே கவனத்துக்குரியது. எவருக்கும் உரித்தாகாத வானம் என்பது அதன் பொருள். உரியவர் இல்லாத உலகிற்குச் செல்பவர் அதனைக் கண்டுபிடித்தவராகிவிடுகிறார், கண்டுபிடித்தவர் பெயரிடுகிறார். கோளுக்கும் விலங்குக்கும் செடிக்கும் ஆடுவோர் தம் விருப்பப்படி பெயர் சூட்டலாம். விலங்கைக் கருவியால் அளந்து பதிவுசெய்தாற் பணம் கிடைக்கும். பெயரிடுதலும் பொருளீட்டுதலும் ஒரே செயலின் இரு முகங்களாக இங்கு அமைந்துள்ளன.

தீவகத்தின் வரலாற்றை அறிந்தோருக்கு இது பழகிய செய்தி. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. வேலணைத்தீவு லைடன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. புங்குடுதீவு மிடெல்பேர்க் ஆயிற்று. ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் இடையே கடலில் நிற்கும் கோட்டையை அவர்கள் ஹமன்ஹீல் என்றழைத்தனர். இலங்கையின் உருவம் உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடையை ஒத்திருப்பதாகக் கொண்டு, இக்கோட்டை நிற்கும் இடத்தை அத்தொடையின் குதியெனக் கண்டதால் எழுந்த பெயர் அது. தம் உணவு மேசையிலிருந்து ஒரு நாட்டின் வடிவத்தைக் கற்பித்த இச்செயலில் ஒருவகைக் கற்பனை வளம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அக்கற்பனையில் அங்கு வாழ்ந்தவனுக்கு இடமில்லை. அவன் தன் தீவை என்னவென்று அழைத்தான் என்ற வினாவே எழாதபோதுதான் தீவு கோளாகின்றது. இப்பெயர்களுட் பல வழக்கொழிந்தன. டெல்ஃப்ட் மட்டும் ஆங்கிலத்திற் பெருவழக்காய் நிலைத்தது. தீவிலுள்ளார் நாவில் நெடுந்தீவு நெடுந்தீவாகவே நிற்கின்றது.

அந்நிய உலகைக் கற்பிக்கும் வேறு வழி உண்டா? மணிமேகலை இவ்விடத்தில் துணைபுரிகின்றது. காப்பியம் கூறும் மணிபல்லவம் இன்றைய நயினாதீவே என்ற கருத்தை அறிஞர் பலர் ஏற்றும் சிலர் மறுத்தும் வந்துள்ளனர். எங்ஙனமாயினும், புகார் நகரிலிருந்து நோக்கிய தமிழ்ப் புலவர் ஒருவர் தென்திசைக் கடலில் ஒரு வேற்றுலகை அமைத்துள்ளார் என்பதில் ஐயமில்லை. உறங்கிக்கொண்டிருந்த மணிமேகலையைத் தெய்வம் தூக்கிவந்து அங்கு விடுகின்றது. அவள் கண்விழிக்கும்போது மணற்பரப்பும் மரமும் கடலும் அன்றி வேறெதுவும் தெரியவில்லை. ‘நோ மேன்ஸ் ஸ்கை’ தொடங்குவதும் இத்தகைய நிலையிலேயே. அறியாத கோளில், பழுதுற்ற கலத்தின் அருகே, எவருமற்ற வெளியில் ஆடுவோர் விழித்தெழுகின்றனர். தொடக்கம் ஒன்று, தொடர்ச்சி வேறு. ஆடுவோரின் முதற்செயல் பாறையை உடைத்து மூலப்பொருளைப் பையில் நிரப்புதல். மணிமேகலையின் முதற்செயல் தோழி சுதமதியை அழைத்தல். ஒருவர் பொருளைத் தேடுகின்றார். மற்றவர் ஆளைத் தேடுகின்றார்.

இரு உலகங்களுக்கும் காவல் உண்டு. விளையாட்டின் கோள்களிற் காவற்பொறிகள் திரிகின்றன. அளவுமீறி அகழ்வோரைக் கண்டால் அவை சுடுகின்றன. மணிபல்லவத்துப் புத்தபீடிகைக்குக் காவலாகத் தீவதிலகை நிற்கின்றாள். மரக்கலம் கவிழ்ந்து கரையொதுங்கியவள் போல வந்திருக்கும் பெண்ணை நோக்கி, நீ யார் என்று அவள் கேட்கின்றாள். மணிமேகலையோ, எந்தப் பிறப்பிலுள்ள என்னைக் கேட்கின்றாய் என்று திருப்பி வினவுகின்றாள். புதிய உலகு வந்தவளை அளக்கும் இடம் இதுவாகும். வந்தவர் உலகை அளக்கும் கருவி விளையாட்டில் உண்டு. உலகு வந்தவரை அளக்கும் வினா அரிது.

மணிமேகலை அத்தீவிலிருந்து பெற்றுச்செல்வது அமுதசுரபி. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்ற கற்பனை எந்த விளையாட்டிலும் இடம்பெறத்தக்கது. ஆனால் அப்பாத்திரத்தின் முன்வரலாற்றைப் புலவர் அமைத்துள்ள முறை, விளையாட்டுக்களின் பொருளியலுக்கே ஒரு மறுப்பாக உள்ளது. பாத்திரத்தை முன்னர் வைத்திருந்த ஆபுத்திரன், பஞ்சம் நிலவிய சாவக நாட்டை நோக்கிக் கலமேறுகின்றான். காற்றின் கொடுமையாற் கலம் மணிபல்லவத்தில் தங்குகின்றது. இறங்கிய அவன் மீண்டும் ஏறிவிட்டான் எனக் கருதி மாலுமிகள் இரவிற் கலத்தைச் செலுத்திவிடுகின்றனர். தனித்துவிடப்பட்ட அவன் கையிற் குறைவுபடாத உணவு உள்ளது. ஆனால் உண்பதற்கு ஒருவருமில்லை. பலருயிர் ஓம்பும் பாத்திரத்தைத் தன்னுயிர் ஓம்பப் பயன்படுத்த அவன் மனம் ஒப்பவில்லை. கோமுகிப் பொய்கையில் அதனை விடுத்து, உண்ணாதிருந்து உயிர்விடுகின்றான்.

வெற்றுலகைப் பற்றி இதனினும் கூர்மையான விமரிசனத்தைக் காண்டல் அரிது. உண்பாரில்லாத இடத்தில் வளம் பொருளற்றது என்பதை ஆபுத்திரன் கதை காட்டுகின்றது. கோடானுகோடி கோள்களைக் கடந்து பையை நிரப்பும் ஆடுவோர் ஒரு கட்டத்தில் எய்தும் சலிப்புக்குக் காரணமும் இதுவே. கோள்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதனாற் சலிப்பு எழுகின்றது என்று பொதுவாகக் கூறப்படும். அது மேலோட்டமான காரணம். ஆடுவோரிடம் எதையேனும் வேண்டி நிற்கும் முகங்கள் அங்கு மிகக் குறைவு என்பதே அடிப்படைக் காரணம். கோள்களின் தொகையை இன்னும் பல மடங்காக்கினாலும் இக்குறை நீங்காது.

அந்நியருடன் உரையாடல் எவ்வாறு அமையும் என்பதற்கு அக்காப்பியத்தின் சாதுவன் கதை சான்றாகும். கலம் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய வணிகன் சாதுவனை ஆடையற்ற நாகர் சூழ்கின்றனர். அவர்கள் உண்ணக் கருதிய அவன் உயிர் பிழைப்பது அவர்களின் மொழியை நன்கு கற்றிருந்தமையாலேயே. கள்ளடு கலங்களும் புலால் நாற்றமும் வெள்ளென்புகளும் சூழ, பெண் கரடியோடு கூடிய கரடிபோலத் தன் துணையுடன் வீற்றிருக்கும் குருமகன் முன் அவன் நிறுத்தப்படுகின்றான். பெண்ணும் கள்ளும் ஊனும் வழங்கப்படுகின்றன, சாதுவன் மறுக்கின்றான். இவையின்றி மனிதருக்கு உலகிற் பயன் யாது என்று குருமகன் சினந்து கேட்கின்றான். உடலை விட்டு உயிர் செல்லும் என்ற கருத்தைக் கேட்டு நகைத்து, அதனை விளக்குமாறு பணிக்கின்றான். இறுதியில், கலமுடைந்து வருவோரைக் கொல்லாதிருத்தல், மூத்து இறக்கும் விலங்கினை அன்றி வேறெதனையும் உண்ணாதிருத்தல் என்ற அறங்கள் முன்வைக்கப்படுகின்றன. தமக்கு இயலும் அறத்தைத் தாம் மேற்கொள்வதாக அவன் கூறுகின்றான்.

இங்கு வேற்றுலகத்தான் கேட்கின்றான், சினக்கின்றான், நகைக்கின்றான், தனக்கேற்ற அளவில் இணங்குகின்றான். ‘நோ மேன்ஸ் ஸ்கை’ விளையாட்டின் ஒரு சிறப்பியல்பு இதனோடு ஒப்பிடத்தக்கது. அதில் வரும் வேற்றினத்தாரின் மொழிகள் தொடக்கத்தில் விளங்குவதில்லை. கோள்களில் நாட்டப்பட்ட கற்களிலிருந்தும், அவ்வினத்தாரிடமிருந்தும் ஒவ்வொரு சொல்லாகக் கற்க வேண்டும். கற்ற சொற்கள் பெருகப் பெருகப் பேச்சின் பொருள் சிறிது சிறிதாகத் துலங்கும். விளையாட்டு தன் உயர்ந்த நிலையை எய்துவது கோடிக் கோள்களைக் காட்டும்போதன்று, இந்த ஒரு சொல்லைக் கற்பிக்கும்போதே எனத் துணிந்து கூறலாம். சாதுவனின் வழி அங்கு சற்றே திறக்கின்றது. எனினும் கற்ற மொழியில் நடைபெறுவது பெரும்பாலும் கொடுக்கல் வாங்கலே. வந்தவரின் வாழ்க்கைமுறையையே கேள்விக்குள்ளாக்கும் குருமகன் ஒருவன் அங்கு எதிர்ப்படுவதில்லை.

மணிமேகலையின் பார்வை குறையற்றது என்பது இதன் பொருளன்று. நாகரைக் கரடிக்கு ஒப்பிட்ட புலவரின் கண்ணும் வெளியாரின் கண்ணே. அறம் ஒரு திசையில் மட்டும் செல்கின்றது. சாதுவன் கற்பிக்கின்றான், நாகர் கற்கின்றனர். அவனுக்கு அவர்கள் கற்பித்தது எதுவும் கூறப்படவில்லை. ஆயினும் அதே காப்பியத்தில் நாகர் மன்னரும், சோழனை மணந்த நாகநாட்டு இளவரசி பீலிவளையும் வருகின்றனர். நாகர் என்ற ஒரு பெயருள் விலங்கை ஒத்தாரும் அரசகுலத்தாரும் அடங்குவது, அந்நியரை ஒரே உருவில் வார்த்துவிட இயலாமற் புலவர் தடுமாறியதைக் காட்டுகின்றது. அத்தடுமாற்றமே அவர் கற்பனைக்கு உயிர்தருகின்றது. சூத்திரத்தாற் பிறக்கும் உயிரினத்தில் இத்தகைய தடுமாற்றம் நிகழ்வதில்லை.

கரையிலிருப்போரின் பக்கமிருந்து இச்சிக்கலை நோக்கும் ஆவணமும் தீவகத்தில் உண்டு. 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம் நயினாதீவில் உள்ளது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகள் பாதுகாக்கப்பட வேண்டும் என அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தாற் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவனுக்கும். வணிகப்பொருள் கொண்டுவரும் கலம் உடைந்தால் இருவருக்கும் பாதிப்பாதி. அரசனுக்குப் போருக்கேற்ற விலங்குகள் வேண்டியிருந்தமையாலேயே இச்சலுகை எழுந்தது என்பது வெளிப்படை. இதனை வெறும் அருளுடைமையாகக் கொள்வது பிழை. எனினும் அந்நியனுக்கும் உரிமை உண்டு என்பது கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. காப்பியம் நாகரிடம் வேண்டிய அறம் இங்கு சட்டமாக நிற்கின்றது. ஒரு கற்பனைக் கோளுக்கு இத்தகைய ஒரு சட்டத்தை வகுக்கும் விளையாட்டு, ஆயிரம் புதிய விலங்குகளைச் சேர்க்கும் விளையாட்டைவிட ஆழமுடையதாகும்.

உயிரினங்களைப் பொறுத்தும் தீவகம் ஓர் உண்மையை உணர்த்துகின்றது. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடைய நெடுந்தீவில் ஆறில்லை. தரை சுண்ணாம்புப் பாறை. கிணற்று நீரே வாழ்வின் அடிப்படை. கையில் உள்ள கல்லே வேலியாகின்றது. பவளப்பாறைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கி எல்லை வகுக்கின்றனர். ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்த குதிரைகள் கட்டாக்காலிகளாகத் திரிகின்றன. கடும் வறட்சியில் அவை நீரின்றி மடிவதும் உண்டு. ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெருக்கமரம் அங்கு பருத்து நிற்கின்றது. குதிரையும் பெருக்கும் வேறு நிலத்தவை. ஆயினும் கல்லும் நீரும் காலமும் அவற்றைத் தீவுக்கு உரியனவாக்கிவிட்டன. கொண்டுவந்தோர் சென்றுவிட்டனர், கொண்டுவரப்பட்டவை தம் போக்கில் வாழ்கின்றன. படைத்தோனின் நோக்கத்தை மீறி வாழ்தலே உயிரின் இலக்கணம். ‘ஸ்போர்’ விலங்கு எத்துணை விந்தையான உருவினதாயினும், படைத்தோரின் நோக்கத்தைக் கடந்து ஓரடியும் வைப்பதில்லை. விந்தை உருவிற் பிறப்பதன்று. ஒன்றோடொன்று பிணைந்த காரணங்களிற் பிறப்பது.

விளையாட்டினை விளையாட்டாகவே கொள்ள வேண்டும், அதனிடம் காப்பியத்தின் பணியை எதிர்பார்த்தல் தகாது என்று கூறுவோர் உளர். இக்கூற்று விளையாட்டுக்கு மதிப்பளிப்பது போலத் தோன்றினும் உண்மையில் அதனைத் தாழ்த்துவதே. கூத்தும் ஒருகாலத்தில் வெறும் பொழுதுபோக்கெனவே ஒதுக்கப்பட்டது. இன்று உலகெங்கும் இளையோரின் கற்பனையைப் பயிற்றும் பெருங்கலைகளுள் கணினி விளையாட்டும் ஒன்றாகும். எவருமற்ற வெளியாகவே பிறர் நிலத்தைக் காணும் பழக்கத்தை அது பயிற்றுமாயின், அப்பழக்கம் திரையோடு நின்றுவிடுமெனக் கருத இயலாது.

தீவகத்தைப் பொறுத்தவரை இது வெறுங் கோட்பாட்டுப் பிரச்சினையன்று. 1990களில் போரினால் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பலர் மீளவில்லை. புங்குடுதீவிலும் வேலணையிலும் கூரையிழந்த வீடுகளைப் பற்றை மூடிற்று. அவ்வூரவரின் பிள்ளைகள் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் பிறந்து வளர்ந்துள்ளனர். அவர்களுக்குத் தீவகம் படங்களின் வழியே அறிமுகமாகும் ஓர் உலகு. குதிரையும் பாழடைந்த கோட்டையும் வெறுமையான கடற்கரையும் நிறைந்த அப்படங்களில் மனிதர் அரிது. நாளை ஓர் இளைஞர் தீவகத்தை ஒரு விளையாட்டாக வனைய முற்படின், அவர் முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, அதனை எவருக்கும் உரித்தாகாத வானத்தின் மற்றொரு கோளாக்குதல். இடிபாடுகளை அழகாக அடுக்கி, வருவோரைப் பெயரிட விடுதல். மற்றொன்று, கரையிறங்குவோரை நோக்கி நீ யார் என்று கேட்கும் ஒருவரை அங்கு நிறுத்துதல்.

முன்னதற்குச் சூத்திரமும் விதையெண்ணும் போதும். பின்னதற்கு ஊர்ப்பெயர்களும், கிணறுகளின் கதைகளும், கலமுடைந்து வந்தோரை நடத்திய முறையும் தெரிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவு கணினி பயிலும் மாணவரிடம் மட்டுமோ தமிழ் பயிலும் மாணவரிடம் மட்டுமோ இல்லை. இரு சாராரும் ஒருமேசையில் அமர்ந்தாலன்றி அது கைகூடாது. கற்பிக்கப்படும் உலகின் பெருமை அதன் கோள்களின் எண்ணிக்கையில் இல்லை. அங்கு பசியோடு காத்திருக்கும் ஒருவரையேனும் அது காட்டுகின்றதா என்பதில் உள்ளது. அவ்வொருவர் தோன்றும்போதே ஆபுத்திரனின் பாத்திரம் பொய்கையிலிருந்து மேலெழும்.